அந்தப் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்

சேலம் மாவட்டத்துத் திருவிழாக் கமிட்டித் தலைவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

ஆடி முடிந்த மூன்றாவது வாரம் எங்கள் ஆடல் பாடல் செட்டுக்கு ஒரு முத்திரைத்தாள் வந்து சேர்ந்தது. சேலத்துக்கு மேற்கே உள்ள சில ஊர்க் கமிட்டிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று சொன்னார்கள். இனிமேல் ஆடலும் பாடலும் நிகழ்ச்சிக்கு எந்த செட்டைக் கூப்பிட்டாலும், ஆடுகிற பெண்கள் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் அட்வான்ஸ். மொத்தம் 6 ஷரத்து. நாலு ஷரத்தைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. மூன்றாவதையும் ஆறாவதையும் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்றாவது சொல்வது இது: மேடையில் எந்தச் சச்சரவு வந்தாலும் நடனப் பெண்களே பொறுப்பு, நிகழ்ச்சி பாதியில் நின்றால் மீதித் தொகை கிடையாது. ஆறாவது: "நான் தவறான தொழிலில் ஈடுபடாத பெண் என்று உறுதி கூறுகிறேன்."

நான் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய வீட்டுப் பெண். அப்பா வாங்கிய கடனுக்காக 17 வயதில் மேடை ஏறினேன். இப்போது 41. ஆடுவதை நிறுத்தி 6 வருஷம் ஆகிறது. அதே செட்டில் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன், டிரெஸ் பார்க்கிறேன். சேலத்தில் வண்டி ஏறியதிலிருந்து அவரவர் வீட்டு வாசலில் இறங்கும் வரைக்கும் அவர்கள் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில்தான் எழுதுகிறேன்.

இந்த ஆடியில் நடந்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். பலர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர்ப் பேர் சொல்லவில்லை, அந்த ஊருக்குத் தெரியும்.

45,000 ரூபாய்க்குப் பேசிய புரோகிராம். 10,000 அட்வான்ஸ். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். 24 வயதுப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் 500 ரூபாய் நோட்டும் சேஃப்டி பின்னுமாக மேடை ஏறினார். நோட்டுக் குத்துவது நம் பக்கத்தில் பழைய வழக்கம், அது எங்களுக்குப் புதிதில்லை. அந்தப் பெண் ஆடிக்கொண்டே கையை நீட்டினாள், கையில் கொடுங்கள் என்று. அவர் கையில் கொடுக்கவில்லை. ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக் குத்தப் போனார். சேஃப்டி பின் நெஞ்சில் கிழித்தது. அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் குடித்திருந்தார், தடுமாறி டிரம்செட் மேல் விழுந்தார். நடந்தது அவ்வளவுதான்.

பாட்டு நின்றது. கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். அந்தப் பெண் நெஞ்சில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டில் ரத்தம் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. "காசு வாங்கிட்டு ஆட வந்தவளுக்கு என்னம்மா இவ்வளவு ரோசம்? ஊர்க்காரன் மேல கை வச்சிருக்க. மைக்குல மன்னிப்புக் கேளு, இல்லன்னா வண்டி ஊரத் தாண்டாது" என்றார் ஒருவர். எங்கள் மேனேஜர் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டுடு கண்ணு, போயிரலாம்" என்று நான்தான் சொன்னேன்.

அவள் போய் மைக்கில் மன்னிப்புக் கேட்டாள். ஊரே கை தட்டியது. மீதி 35,000 வரவில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது நர்ஸ் எப்படிக் கிழித்தது என்று கேட்டார். மேடையில் ஆணி என்று சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆணி என்று அவள் சொன்னதற்கும் நான்தான் காரணம் என்று நினைக்கிறேன். நான் சொன்ன ஒரு சொல்லால்தான் தப்பு அவளுடையதாகிவிட்டது. உங்கள் மூன்றாவது ஷரத்து அதையே பத்திரத்தில் எழுதி வாங்கப் பார்க்கிறது.

சட்டத்தில் அன்று நடந்ததற்குப் பேர் இருக்கிறது. ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் எண்ணத்தோடு அவள்மேல் பலத்தைப் பிரயோகித்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 74-ஆம் பிரிவில் ஒரு வருஷத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், என்ன உடுத்தியிருந்தாள், எவ்வளவு கூலி வாங்கினாள் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. வேலை இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் வந்த சட்டத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் போய்ப் புகார் கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு குழு வேண்டும் என்கிறது. வேலைக்காகப் போகிற இடமும், கூட்டிப்போகிற வண்டியும்கூட அந்தச் சட்டத்தில் வேலை இடம்தான். உங்கள் கோயில் திடலில் போடுகிற மேடை எங்கள் வேலை இடம். இதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த மடலின் பாதி.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் பார்ப்பது விளக்குப் போட்ட பிறகு நடக்கும் 3 மணி நேரம். நாங்கள் மதியம் சாப்பிட்ட பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். ஏனென்றால் போகிற ஊரில் கக்கூஸ் இருக்குமா என்று தெரியாது. பெரும்பாலும் இருக்காது. இருட்டின பிறகு சோளக்காட்டுக்குள் போக வேண்டும், போனால் பின்னாலேயே செல்போன் வெளிச்சத்தோடு பையன்கள் வருவார்கள். அதனால் ஆறேழு மணி நேரம் அடக்கிக்கொண்டு ஆடுவோம். எங்கள் செட்டில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிடாத பெண் ஒருத்திகூட இல்லை. ஒரு ராத்திரிக்கு எட்டு, ஒன்பது முறை டிரெஸ் மாற்ற வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பேர் புடவையைப் பிடித்துக்கொள்ள மூன்றாமவள் மாற்றுவாள். மாதவிடாய் நாளில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலை ஊரில் ஆடிவிட்டு வந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். குளிர் தாங்காமல் பெண்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். விடியும் வரை படுக்க ஓர் இடம் கேட்டோம். ஊர்ச் சாவடி காலியாகத்தான் இருந்தது. "ஆட்டக்காரிங்கள ஊருக்குள்ள எங்க படுக்க வைக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ராத்திரி தூங்காத டிரைவர், முன்னால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம், 20 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் கண் சொக்காமல் இருக்க நான் முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்து வண்டியை நிறுத்தியதும் அவர் ஸ்டீரிங் மேல் தலையை வைத்து அழுதார். அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் கிடைத்த கூலி 1,800 ரூபாய்.

மன்னிப்புக் கேட்ட அந்தப் பெண், புரோகிராம் இல்லாத மாதங்களில் செவ்வாப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு வேலைக்குப் போகிறாள். அங்கே கை சுட்டுக்கொண்டால் முதலாளி மருந்து வாங்கித் தருகிறார். அரை நாள் கரண்ட் போனாலும் அதுவரை செய்த வேலைக்குக் கூலி உண்டு. அதே கையும் காலும்தானே மேடையிலும் வேலை செய்கிறது? பட்டறையில் அவளைத் தொழிலாளி என்கிறீர்கள். மேடையில் மட்டும் அவளுக்கு வேறு பேர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, ஆறாவது ஷரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் செட்டிலேயே சிலர் சொன்னார்கள், "மூணாவத எடுக்கச் சொல்லிக் கேப்போம்க்கா, ஆறாவதுல கையெழுத்துப் போட்டா என்ன? நமக்கு மரியாதைதானே" என்று. அவர்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. இருபது வருஷமாக நான் சொல்லி வந்ததும் அதுதான். லாட்ஜில் ரூம் கேட்கும்போது, வீடு வாடகைக்குக் கேட்கும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கூட்டத்திலிருந்து கை நீளும்போது எல்லாம் "நாங்க அப்படிப்பட்டவங்க இல்லைங்க" என்று சொல்லியே பழகிவிட்டேன். அதைச் சொன்னால் கை நின்றுவிடும் என்று நம்பினேன். நிற்கவில்லை.

எனக்கு முகத்தில் பவுடர் பூசக் கற்றுக்கொடுத்த அக்கா ஒருத்தி உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புரட்டாசியில் வேலை குறைந்து மார்கழி வரைக்கும் எங்களுக்குப் புரோகிராம் கிடைப்பது அபூர்வம். அந்த மாதங்களில் அவள் தொழிலுக்குப் போவாள். யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க அவளே எடுத்த முடிவு. ஒருமுறை வந்த ஆள் அவளை அடித்து, கையிலிருந்த பணத்தையும் பிடுங்கிக்கொண்டான். பல் ஒன்று போனது. புகார் கொடுக்கப் போனாள். "உனக்கெல்லாம் எதுக்கும்மா கேஸு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் என்னிடம் சொல்லி அழுதபோது நான் மனசுக்குள் நினைத்தேன், நல்லவேளை நான் அந்த வேலைக்குப் போகவில்லை என்று. அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவளிடம் பணத்தைப் பிடுங்கியவனும், இந்த ஆடியில் நோட்டுக் குத்த வந்தவனும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். இவள் இப்படிப்பட்டவள், இவளை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை என்ற கணக்கு. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்லும்போதெல்லாம், அப்படிப்பட்டவள் மேல் கை வைக்கலாம் என்று நானும் சேர்ந்துதான் சொல்லியிருக்கிறேன்.

கொரோனா வந்து 2020-லும் 2021-லும் திருவிழாக்கள் நின்றுபோனபோது எங்கள் செட்டில் யார் யார் எப்படிப் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கேட்காமல் உணவுப் பொருள் கொடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அதை வாங்கப் போகவில்லை. அரிசி வாங்கிய பேச்சு தெருவில் பரவினால் வீடு காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்தார்கள். பட்டினியைவிட அந்தப் பேருக்கு அதிகமாகப் பயந்தார்கள்.

2022 மே 19-ஆம் தேதி அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கல்கத்தாவில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பாலியல் தொழிலாளியின் சாவிலிருந்து கிளம்பிய வழக்கு அது. எந்தத் தொழில் செய்தாலும் ஒவ்வொருவருக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுப்படி மானத்தோடு வாழ உரிமை உண்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி எல்லாம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும், போலீஸ் இவர்களை மரியாதையாக நடத்த வேண்டும், வாயாலும் கையாலும் துன்புறுத்தக் கூடாது என்று சொன்னது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்றும், ஆதார் அட்டை கொடுக்க வேண்டும், அதில் அவர்கள் தொழில் தெரியும்படி எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. பாலியல் தொழில் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொழிலுக்கு விடுதி நடத்துவதையும், அதில் இடைநின்று சம்பாதிப்பதையும், பொது இடத்தில் ஆள் கூப்பிடுவதையும், இவை போன்றவற்றையும்தான் குற்றம் என்கிறது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் செய்வதை அது குற்றம் என்று சொல்லவில்லை. ஆக, நாட்டின் பெரிய நீதிமன்றம் அந்தத் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கே பாதுகாப்புக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் பத்திரம் அந்தப் பெண் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் கூலியே பேசுவோம் என்கிறது.

எங்கள் செட்டில் இப்போது ஆடும் பெண்கள் 11 பேர். ஆறாவது ஷரத்தில் உண்மையாகக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் எத்தனை பேர், முடியாதவர்கள் எத்தனை பேர் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவர்கள் உங்கள் ஊருக்கு வருவது ஆடுவதற்கு. ஆடினார்களா, நேரத்துக்கு வந்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மற்ற நாளில் எங்கே போகிறார்கள் என்று பந்தல்காரரிடமோ மைக் செட்டுக்காரரிடமோ நீங்கள் எழுதி வாங்குவதில்லை. 11 பேரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள், ஒருத்தியும் கையெழுத்துப் போடுவதில்லை என்று. போட முடிகிறவளும் போட மாட்டாள்.

ஒரு விஷயத்தில் எங்களுக்கும் உங்களுக்கும் பேதமில்லை. 18 வயது ஆகாத பெண்ணை மேடை ஏற்றக் கூடாது. நான் ஏறியது தப்பு, என்னை ஏற்றியவர்கள் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. வயதுச் சான்று கேளுங்கள், காட்டுகிறோம். ஒரு பெண்ணை யாராவது மிரட்டியோ கடனைக் காட்டியோ கூட்டி வந்திருக்கிறார்களா என்று பாருங்கள், நாங்களே கூட நிற்கிறோம்.

ஆபாசம் என்றும் சொல்கிறீர்கள். பாட்டுச் சீட்டு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் மேடைப் பக்கம் நின்று பாருங்கள். கீழே இருந்துதான் வருகிறது, அதில் பாதி உங்கள் கமிட்டிப் பையன்கள் எழுதியது. அந்தப் பாட்டைப் போடவில்லை என்றால் சேர் பறக்கிறது. போட்டால் மறுநாள் வழக்கு எங்கள் மேல் வருகிறது. என்ன பாட்டு, என்ன உடை என்று முன்கூட்டியே நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். நாங்கள் அதற்குத் தயார்.

சில ஊர்களில் "இந்த வம்பே வேண்டாம், ஆடல் பாடலையே நிறுத்திடலாம்" என்று பேசுகிறீர்கள். உங்கள் ஊர் விழா, நீங்கள் முடிவு செய்யலாம். எங்களைக் காப்பாற்றுவதற்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். மகாராஷ்டிராவில் 2005-இல் பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் டான்ஸ் பார்களை மூடினார்கள். சுமார் 75,000 பெண்கள் வேலை இழந்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்தத் தடை செல்லாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அங்கே புதுச் சட்டம் வந்து, அதுவும் நீதிமன்றம் போய், 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆடும் பெண்ணுக்கு அன்பளிப்புக் கொடுக்கலாம், ஆனால் அவள்மேல் பணத்தை வீசக் கூடாது. அவளோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்ற விதியும் நிற்கும் என்றார்கள். அது அந்த மாநிலத்துச் சட்டம், தெரியும். ஆனால் நாங்கள் கேட்பதும் ஏறத்தாழ அதே இரண்டுதான்.

நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது சாமி வேஷம் கட்டியவர்கள் விளக்கு வெளிச்சத்தில் வண்டியில் நிற்பார்கள். எவ்வளவு கூட்டம்! ஒருவர்கூட வண்டி மேல் ஏறி அவர்களைத் தொடுவதில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நம் ஆட்களுக்குத் தெரியும். எட்டுப் பேட்டை மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றி, தீ மிதித்து, லட்சம் ஜனத்தை ஒழுங்காக வரிசையில் அனுப்புகிறவர்கள் நீங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பத்தடி இடம் விட்டுச் சவுக்குக் கட்டை கட்டுவது உங்களால் முடியாத வேலை இல்லை.

இனி நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். மூன்றாவது ஷரத்தையும் ஆறாவதையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: மேடை ஏறிப் பெண்ணைத் தொடுகிறவரைக் கமிட்டி கீழே இறக்கும், போலீஸில் புகார் கொடுக்கவும் அந்தப் பெண்ணுக்குத் துணை நிற்கும், அதனால் நிகழ்ச்சி நின்றாலும் பேசிய தொகையை முழுதாகக் கொடுக்கும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி. அதனால் போலீஸ் நிறுத்தினாலும் கூலியில் பிடிக்கக் கூடாது. பாதித் தொகை பேசும்போதே, மீதி மேடை ஏறுவதற்கு முன்னால். அன்பளிப்புக் கொடுக்க விரும்புகிறவர் மேடைப் பக்கம் ஓர் உண்டியலில் போடட்டும், அதை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

பூட்டுப் போடக்கூடிய ஓர் அறை, பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கக்கூஸ். பள்ளிக்கூட அறை போதும், கமிட்டிக்காரர் ஒருவர் வீடானாலும் சரி. மலை ஊர்களில் விடியும் வரை படுக்க இடம். நிகழ்ச்சி முடிந்ததும் இன்ன தேதியில் இன்னார் இங்கே ஆடினார் என்று கமிட்டி சீல் வைத்து ஒரு கடிதம். அரசு நலவாரியங்களில் விண்ணப்பம் போடவும், தொழிலாளி என்று எங்களைக் காட்டிக்கொள்ளவும் எங்கள் கையில் இதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அப்புறம், அந்த ஊர்க் கமிட்டிக்குத் தனியாக இரண்டு. மீதி 35,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். அதில் டிரம் அடித்தவர், வண்டி ஓட்டியவர், லைட்காரர் எல்லோருடைய கூலியும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் மைக்கில் வாங்கிய மன்னிப்பை அதே மைக்கில் திருப்பிக் கொடுங்கள். அவள் அங்கே வர மாட்டாள், நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

தை மாத நிகழ்ச்சிகளுக்கு நாங்கள் யாரிடமும் இன்னும் அட்வான்ஸ் வாங்கவில்லை. திருத்திய பத்திரத்தைக் கார்த்திகைக்குள் அனுப்புங்கள். மேனேஜரிடம் கொடுத்துவிட்டதோடு விடாமல் எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாங்கள் 11 பேர்.

இப்படிக்கு,
24 வருஷமாக உங்கள் ஊர் மேடைகளில் வேலை செய்கிறவள்
சேலம்